ஓரகத்தியின் மஞ்சள் மாத்திரை

என் ஓரகத்திக்குப் பொய் சொல்ல வராது. சந்தையில், "நேத்து இதைவிட நல்ல கத்திரிக்கா குறைஞ்ச வெலைக்குக் குடுத்தாங்க" என்று ஒரு பேச்சுக்காவது சொல்லத் தெரியாமல், கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பிசிறில்லாமல் சொன்னாள். அதுவும் கன்னடத்தில். அதுவும் டாக்டரிடம்.

அவள் என் கணவருடைய அண்ணனின் மனைவி. வயதில் கிட்டத்தட்ட என் அம்மாவுக்குச் சமம் என்றாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உத்தனப்பள்ளிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் அது. ஓசூரில் கம்பெனிகள் பெருகியதும் ஆண்கள் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்கள். நான் கோவில்பட்டிக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில், செய்து முடித்த உதிரிப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில் என் கணவரைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் பூகம்பம் கிளப்பிக் கல்யாணம் செய்துகொண்டேன். பூகம்பம் அடங்கும்வரை என் பக்கம் நின்ற ஒரே ஆள் அக்காதான். "பேச்சுதான் ஒரு தினுசா இழுக்குது. புள்ள நல்ல புள்ள" என்று மாமியாரிடம் சிபாரிசு செய்தாளாம். நான் "வாக, போக" என்று பேசுவதை அவள் அபிநயத்தோடு செய்து காட்டினால் எங்கள் லைன் வீடு மொத்தமும் சிரிக்கும். வரிசையில் முதல் வீடு அவளுடையது, அடுத்தது எங்களுடையது.

ராயக்கோட்டை சாலையில் ஒரு ரோஜாக் கொட்டகையில் அவளுக்கு வேலை. பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகள். வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாவைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுக் கட்டுவாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடந்தால் வேன் நின்றுவிடும். தாமதமாகப் போனதற்கு மேஸ்திரி திட்டாத நாள் அது ஒன்றுதான் என்பாள்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. கை வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் மேஸ்திரி கோபிக்க மாட்டார், அன்பாகத்தான் பேசுவார். "அப்டியாம்மா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடு." ரெஸ்ட் முடிந்து போனால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். எங்கள் கம்பெனியிலும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இதே கதைதான். மெடிக்கல் ரூமுக்குள் போகிறவனைவிட, அந்த வாசலை நொண்டாமல் தாண்டிப் போகிறவனுக்குத்தான் மறுமாதமும் வேலை. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்ற பழமொழியெல்லாம் எங்கள் பக்கம் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் செல்லும்.

அக்காவுக்கு மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகியிருந்த சமயத்தில் இடது மார்பில் கட்டி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "இங்க தொட்டுப் பாரு புள்ள" என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் தொட்டுப் பார்த்தேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெங்களூரில் புற்றுநோய் என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், எங்கள் பேச்சில் கரண்டு வைத்தார்கள். மயிரெல்லாம் கொட்டிய தலையைத் தடவிக்கொண்டு, "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றாள். எல்லாம் முடிந்து ஒரு நாள் டாக்டரம்மா சின்னதாக மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினம் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு என்றார்.

அந்த டாக்டரம்மா பேசியது கன்னடம். எனக்குக் கன்னடம் சுத்தமாக வராது. பள்ளிக்கூடமே போகாத அக்கா தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவாள். அதனால் எங்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். துணைக்குப் போன எனக்கு நோயாளிதான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டி, மாநில எல்லையான ஜூஜுவாடி அருகே லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டது. "அந்த மாத்திரை எதுக்குன்னு சொன்னாக?" என்று கேட்டேன்.

"என் கட்டி இருக்குதில்ல, அது பொம்பள ஆர்மோன தின்னு வளர்ற ஜாதியாம்."

"உங்களுக்குத்தான் எல்லாம் நின்னுபோச்சேக்கா. இன்னும் எங்கிருந்து வருது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பெரிய மோட்டாரு நின்னு போச்சு. ஆனா உடம்புக் கொழுப்புலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கசியுதாம். பைப்புல கசிவு இருந்தா போதாதா, களை மொளைக்க? அந்தக் கசிவை அடைக்கத்தான் இந்த மாத்திரை. வுட்டுவுட்டுத் தின்னா ஆவாதாம்."

டாக்டரம்மா மோட்டார், பைப் என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு யார் அந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே, "நின்னப்ப வந்த சூடு மறுபடியும் விருந்துக்கு வந்திருக்குது" என்று சிரித்தாள். அதை ஊருக்கே சொன்னாள். கொட்டகை வேலைக்கும் திரும்பிப் போனாள். அறுவை செய்த பக்கத்துக் கையில் முள் குத்தக் கூடாது, குத்தினால் கை வீங்கிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால், பூவை விட்டுவிட்டு அட்டைப் பெட்டி மடிக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டை விரலை அழுத்தி அழுத்திச் செய்ய வேண்டிய வேலை அது.

சில மாதங்களுக்கு ஒருமுறை பெங்களூர் போவோம். டாக்டரம்மா தலையை நிமிர்த்தி, "நோவு இதியா?" என்று கேட்பார். வலி இருக்கிறதா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரியும். நோவு இரண்டு மொழிக்கும் பொதுதானே. அக்கா முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வாள்: "ஏனூ இல்லா." ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், அடுத்த சில மாதங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சிக்குன்குனியா வருஷம் வந்தது. எங்கள் லைன் வீட்டில் காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கியது. காய்ச்சல் சில நாளில் போனது, மூட்டு வலி போகவில்லை. கம்பெனி கேட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனார்கள். எனக்கும் வந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரியாகப் போயிற்று. காலையில் கண் விழித்தால் விரல் மடங்கவில்லை, பாயிலிருந்து எழ முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு அக்காவுடைய வீடு ஒன்றுதான். அவள் வாளியில் வெந்நீரோடு வந்து நின்றாள்.

"அழுவாத. ஒடனே எந்திரிக்காத. படுத்துகிட்டே மொதல்ல பாதத்த ஆட்டு. அப்பறம் ஒருக்களிச்சிப் படு. கைய ஊணாத, முழங்கைய ஊணு. ம். இப்ப இந்தத் தண்ணியில கைய வுட்டு, துணியப் புழி. மெல்ல. முழுசா மூட வேணாம், மூடற வரைக்கும் மூடு."

அவள் சொன்னபடி செய்தேன். எழுந்து நின்றேன். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். பாயை விட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னாள், வாளியின் கைப்பிடியில் துணி சுற்றச் சொன்னாள், உட்கார்ந்தே இருந்தால் இறுகிவிடும், நடங்கள் என்று விரட்டினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வரிசைக்கு அவள்தான் தளபதி. எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். நானும்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது.

"ஏக்கா, உங்களுக்குத்தான் காச்சலே வரலையே. இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்கா வாளியைத் தூக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்ததும் அவள் முகம் சுருங்கியது. கட்டை விரல் அடியில் வீங்கியிருந்தது.

"கைய மூடுங்க பாப்போம்."

மூடினாள். விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. என்னுடையதைவிட மோசம்.

"எப்ப இருந்து?"

"அந்த மாத்திரை ஆரம்பிச்சி ரெண்டு மூணு மாசத்துலேர்ந்து. காலையிலதான் ரொம்ப. வேனு வர்றதுக்குள்ள கொஞ்சம் இளகிடும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கெல்லாம் கேட்கிறபடி கத்தினேன். "ஒரு வருசத்துக்கு மேல வலியோட இருந்துருக்கீக! அந்தம்மா கேக்கும்போதெல்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கீக! உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"நோவுதுன்னு சொன்னா மாத்திரைய நிறுத்திப்புடுவாங்க இல்ல?" என்றாள் அவள், மிக நிதானமாக. "கசிவை அடைக்கிறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்கிட்டாங்கன்னா நான் என்னா பண்றது? நோவு இருந்துட்டுப் போவுது. நோவுதுன்னா மருந்து உள்ள வேல செய்யுதுன்னு நெனச்சிக்கறேன்."

டாக்டரம்மாவையும் மேஸ்திரியாக்கி வைத்திருந்தாள் அவள். வலிக்கிறது என்று சொன்னவளுக்கு நாளைக்கு இடமில்லை என்ற சட்டத்தை ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கத்திக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். என் விரல் மடங்காமல் போனது நாலு நாள். அதற்கே நான் எட்டு ஊரைக் கூட்டினேன். இவள் ஒரு வருஷமாக இதே கையோடு எழுந்து, சோறாக்கி, வேன் ஏறி, பெட்டி மடித்து, பிழைத்துக் கிடக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் தினமும் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் என்னால் அப்போது குனிய முடியாது.

அடுத்த முறை பெங்களூர் போகும்போது, "நீங்களே சொல்லணும், இல்லைன்னா நான் தமிழ்லயே கத்துவேன்" என்று மிரட்டிவைத்தேன். டாக்டரம்மா வழக்கம்போல, "நோவு இதியா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கையை இடுப்பு மடிப்பில் அழுத்திக்கொண்டாள். "இதெ" என்றாள். இருக்கிறது. பிறகு கட்டை விரல், மணிக்கட்டு, முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இடுப்பிலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் விரல்களை நீவிப் பார்த்தார். ஏதோ சொன்னார். அக்கா அழுதாள். "என்னக்கா? என்ன சொல்றாக? நிறுத்திட்டாகளா?"

"நிறுத்த மாட்டாங்களாம்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "நோவு தாங்காம இவங்களுக்குச் சொல்லாமலே மாத்திரைய நிறுத்தறவங்கதான் நெறைய பேராம். நோவைச் சொல்லாம மாத்திரைய வுடாம தின்னவ நான்தானாம். இதே வேல செய்யற வேற மாத்திரை இருக்குதாம், மாத்தித் தர்றாங்களாம்."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மிச்சமிருந்த மஞ்சள் மாத்திரை அட்டை. "திருப்பி வாங்கிக்குவாங்களோன்னு ஒளிச்சி வெச்சிருந்தேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளை மாத்திரையும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வந்தன. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். வலி குறைந்தது, போய்விடவில்லை. மாத்திரை தின்ற காலம் முழுக்க காலையில் வெந்நீர் வாளியும் துணியும் அவளுக்கு வேண்டியிருந்தன. ஐந்து வருஷம் முடிந்தபோது, போதும், இனி மாத்திரை வேண்டாம், மூட்டு வலியும் மெல்ல இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. ஊரில் உள்ளவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவள் மட்டும் காவலுக்கு இருந்தவனை அனுப்பிவிட்டதுபோல் கொஞ்ச நாள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். எல்லாப் படமும் ரத்தமும் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா பழைய கேள்வியைக் கேட்டார். "நோவு இதியா?"

"ஏனூ இல்லா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நம்பவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், நீ சொல் என்பதுபோல.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மேசைக்கு மேலே கையை நீட்டினாள். எங்கள் இருவருக்கும் தெரியும்படி, ஒவ்வொரு விரலாக, கடைசிவரை மூடிக் காட்டினாள்.