மோல்மேன் லாட்ஜ் பதக்கம்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். புதுக்கோட்டையில் பழைய சாமான் கடை வைத்திருந்தவன் நான். செத்தவர்களின் கட்டில், செத்தவர்களின் கண்ணாடி, செத்தவர்களின் மூக்குப்பொடி டப்பா, இவற்றுக்கு நடுவில்தான் என் சாப்பாடும் தூக்கமும். பேய் என்று ஒன்று இருந்தால் முதலில் என்னைத்தானே பிடித்திருக்க வேண்டும்? 'இந்த நாற்காலியில் யாரோ வந்து உட்காருகிறார்கள்' என்று சொல்லி விற்க வந்த ஒருவரை, 'அப்படியானால் அவரிடம் வாடகை வாங்குங்கள்' என்று திருப்பி அனுப்பியவன் நான்.

சமஸ்தானம் போய், துரைமார்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில் திருச்சிப் பக்கம் ஒரு லாட்ஜை மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். லாட்ஜ் என்றால் ரூம் எடுத்துத் தங்குகிற இடமில்லை. துரைமார்களும் நம் ஊர்ப் பெரிய மனிதர்களும் ஒருவரை ஒருவர் 'சகோதரர்' என்று சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்களே, அந்தச் சங்கம். இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரன், கழுத்தில் நீலப் பட்டை, அதன் நுனியில் வெள்ளிப் பதக்கம். அந்த மூட்டையை நான்தான் எடுத்தேன். மெட்ராஸில் இதற்கென்றே வாங்குகிறவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் ஏமாறக் கூடாது என்பதற்காகவே எது எந்தக் காலத்துச் சாமான் என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். சீமைப் பதக்கத்தின் பின்பக்கம் பொடியாக முத்திரைகள் இருக்கும். சிங்கம் இருந்தால் நல்ல வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் செய்தது, பக்கத்திலுள்ள ஒற்றை எழுத்து எந்த வருஷம் என்பதைச் சொல்லிவிடும்.

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டுத்தான் திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிவகாமி ஆச்சி ஆள் அனுப்பினார். ஆச்சியின் கணவர் பர்மாவில், மோல்மேனில் தொழில் செய்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மற்றவர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. செத்தாரா, இருக்கிறாரா, ஒரு சேதியும் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது, இனித் தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துக் கருமாதியை முடித்துவிட வேண்டியதுதான் என்று கொழுந்தனார் நாளும் குறித்துவிட்டார். பொம்மை எரிந்தால் ஆச்சி தாலியைக் கழற்ற வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ரங்கூனிலிருந்து வந்த ஓர் ஊர்க்காரர் தகரப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே ஏதோ கடையில் பார்த்தாராம், தெரிந்தவர் பெயர் பொறித்திருக்கிறதே என்று வாங்கி வந்தாராம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

நான் போனபோது நல்ல வெயில். கொழுந்தனார் முகப்பில் படுத்திருந்தார். அவர் காதில் விழக் கூடாது என்று ஆச்சி என்னை உள்கட்டு அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டார். அந்நிய ஆணோடு ஒரு பெண் அறைக்கதவைச் சாத்துவது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் ஆச்சி இல்லை.

"இது சண்டைக்கு முந்தினதா, பிந்தினதா? அத மட்டும் சொல்லுங்க. பிந்தினதுன்னா அவுக இருக்காக. நான் கழட்ட மாட்டேன்."

பெட்டிக்குள் ஏப்ரன், நீலப் பட்டை, பதக்கம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நங்கூரம், சிங்கம், எழுத்து. சண்டைக்கு வெகுகாலம் முந்தியது. அதைச் சொல்லாமல் இன்னொரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம்தான் கவனித்தேன், பதக்கம் பழையதானாலும் அதை மாட்டியிருந்த மேல் தகடு வேறு கைவேலை, உள்ளூர்த் தட்டான் அடித்தது. அதில் இங்கிலீஷில் அவர் பெயர், பின்பக்கம் பொடி எழுத்தில் மோல்மேன், 1948. சண்டை முடிந்த பிறகு.

"ஆச்சி, அவுக இருந்திருக்காக. நாப்பத்தெட்டுல இருந்திருக்காக."

ஆச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகைதான். நானும் ஏதோ நானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது போலப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அழுகை நின்றது.

"உசுரோட இருந்தாகன்னா, எனக்கு ஏன் ஒரு வரி எழுதல?"

செத்துப்போனவரின் மனைவியா, கைவிடப்பட்டவளா, இரண்டில் எது தேவலை என்று அந்த அம்மாள் யோசிப்பதைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் ஆச்சி கேட்டார், "இதையெல்லாம் எப்படிப் போட்டுக்குவாக? நீங்க போட்டுக் காட்டுங்க." வாங்க வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை போட்டுக் காட்டியவன்தானே நான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன், பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது. நிதானமாக மூன்று தட்டு.

"யாரு?" என்றார் ஆச்சி. கொழுந்தனார்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. முகப்பிலிருந்து கொழுந்தனாரின் குறட்டை கேட்டது. வாசற்படிக் கல்லின்மேல் என் கைக்கடிகாரம் இருந்தது, சாவிக்கொத்து இருந்தது, வெள்ளி அரைஞாண் இருந்தது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என் கையில் பிடித்திருந்த பூதக்கண்ணாடியும் இருந்தது. பக்கத்தில் ஆச்சியின் தோடு, மூக்குத்தி, வளையல்கள். எல்லாவற்றுக்கும் ஓரமாகத் தாலிச் சங்கிலி. கொக்கிகூடக் கழலவில்லை. அந்த வளையல்கள் கல்யாணத்துக்குப் போட்டவை, கை சதை பிடித்து, சோப்புப் போட்டாலும் இறங்காதவை. ஆச்சியின் கையில் ஒரு கீறல் இல்லை. என் கழுத்தில் அந்தப் பதக்கம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆச்சி கத்தவில்லை. வளையல், தோடு, மூக்குத்தி எதையும் தொடவில்லை. தாலியை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளே வந்து கழட்டிட்டாக."

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க ஆச்சி, நாப்பத்தெட்டுன்னு பொறிச்சிருக்கு, நான் கண்ணால பாத்தேன்" என்று நான் கெஞ்சினேன், கிட்டத்தட்டக் காலில் விழுந்தேன்.

"எங்க இருந்தாலும் சரி. எனக்கு இல்லைன்னு அவுகளே சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்தப் போட்டுக்கிறது?"

முகப்புக்குப் போய்க் கொழுந்தனாரை எழுப்பி, குறித்த நாளில் செய்யச் சொல்லிவிட்டார். செய்தார்கள். நான் போகவில்லை. அதற்கப்புறம் லாட்ஜ் சாமான் எது வந்தாலும் தொடவில்லை. இருந்ததையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால், செத்தவர் வந்தார் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அறுபதுகளில் பர்மாவிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்களே, அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் கிழவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். விரலில் மோதிரம் இல்லை, மணிக்கட்டில் கடிகாரம் இல்லை, கப்பல் ஏறும் இடத்திலேயே எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். தம் பெயரைச் சொன்னார். ஆச்சியின் கணவர். வீட்டுக்கு நேரே போகத் தைரியமில்லாமல், தம் பதக்கத்தைப் பார்த்தவன் நான் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தாராம்.

சண்டையில் தொழில் போய்விட்டது, வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கமாக இருந்தது, நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று காலம் போய்விட்டது என்றார். பதக்கத்தை வயிற்றுக்காக விற்றாராம். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் தம் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"லாட்ஜுக்குள்ள புதுசா வர்றவன் அப்படித்தான் வரணும். ஒடம்புல ஒரு குந்துமணி உலோகம் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வெளியில கழட்டி வச்சிட்டுத்தான் மூணு தட்டுத் தட்டுவோம். அது வெளியாளுக்குத் தெரியாதே. ஆனா நான் மோல்மேன்ல கெடந்தேன்யா, நான் எங்க வந்தேன்?"

நானே அவரைப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். தெருக்கதவு சாத்தியிருந்தது. கொழுந்தனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், ஆச்சி மட்டும்தான் அந்த வீட்டில். "சிவகாமி" என்று அவர் கூப்பிட்டார். நானும், "ஆச்சி, அவுக வந்திருக்காக, உசுரோட வந்திருக்காக, கதவத் தெறங்க" என்றேன்.

உள்ளே காலடி வந்து கதவருகில் நின்றது. தாழ்ப்பாள் விலகவில்லை. ஆச்சியின் குரல் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அவுக அன்னைக்கே வந்துட்டாக. இவுகள வேற எங்கயாச்சும் எடம் கேக்கச் சொல்லுங்க."

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதார். கதவு திறக்கவில்லை. அப்புறம் அவர் எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வயதாகிவிட்டது, எத்தனையோ மறந்துவிட்டது. ஆச்சி சொன்னது மட்டும் மறக்கவில்லை. வந்துவிட்டார் என்றுதான் சொன்னார். அன்றைக்கு வந்தவர் திரும்பிப் போய்விட்டார் என்று ஆச்சி சொல்லவே இல்லை.