வளையத்தை அளந்த வைதேகி

தரமணியில் எங்கள் ஆய்வு நிறுவனத்து அறையில் போன் மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன். "வைதேகி போயிட்டா சார்" என்றார் அவருடைய கணவர் ரங்கநாதன். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்ததால் துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வைதேகியோடு பழகியவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தென்பட்டது. பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே சமயத்தில் பதிவு செய்ததைச் சேர்த்தால், அந்த சூப்பர்நோவா சிறு வளையமாகத் தெரியும். சில மாதம் விட்டுப் பார்த்தால் வளையம் பெருத்திருக்கும். விரியும் வேகம் குறைகிறதா என்று படங்களை அளந்து பார்ப்பது எங்கள் இருவரின் வேலை. ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். வேகம் குறைந்தே தீரும் என்று நான் அடம்பிடித்த அன்று வைதேகி என் கையிலிருந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டார். "ஆசைப்படறவா கையில ஸ்கேலைக் குடுக்கப்படாது!" அறையே சிரித்தது. பின்னால் அந்த வளையம் விரியும் வேகம் குறையத்தான் செய்தது.

சென்ற ஆண்டு ஒருநாள் தன் வயிற்று ஸ்கேன் படங்களோடு வந்தார். இடைவெளி விட்டு எடுத்த மூன்று படங்கள். "மருந்து கேக்கறதான்னு பாக்கணும். நான் ஆசைப்படறேன், நீங்க அளங்கோ."

"நானும்தானே ஆசைப்படறேன்?"

"உங்க ஆசை சின்னது. அளங்கோ."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டியின் அகலத்தை இரண்டு முறை அளந்தேன். அது வளரும் வேகம் குறையவில்லை. ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன். "ஆத்துல நானும் அளந்தேன். இதேதான் வந்தது" என்று சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படங்களை உறையில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக மயிலாப்பூர் வீட்டில் பார்த்தேன். "கொறைஞ்சிண்டு வரது சார், மூஞ்சில தெளிவு வந்துடுத்து பாருங்கோ" என்று ரங்கநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அவர் காபி போட உள்ளே போனதும், "அவர்கிட்ட சொல்லலையா?" என்று வைதேகியிடம் கேட்டேன்.

"அவர் ஆசைப்படட்டும். அவர் கையில ஸ்கேல் இல்லையே."

துக்கம் கேட்கப் போனபோது ரங்கநாதன் என் கையை விடவே இல்லை. "அவளுக்குத் தெரிஞ்சிருந்துதா சார்?" கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த அஞ்சலிக் குறிப்பில் சொல்கிறேன். தெரியும் சார். உங்களைவிட, டாக்டரைவிட முன்னால் தெரியும். உங்கள் நம்பிக்கை கெடக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வைதேகியுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது நான் எழுதிக் கொடுத்த அந்த அளவு ஒன்றுதான். அது தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்னும் ஆசைப்படுகிறேன். தப்பில்லை.