சந்தையில் தனியாக உட்கார்ந்திருந்த சூசை

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணிச் சந்தையில் காய் வாங்கக் குனிந்தபோதுதான் எனக்குச் செய்தி தெரிந்தது. "சூசையண்ணன் பூட்டாரு சார். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள் கடை போட்டிருந்த முனியம்மா. யார் சொல்வார்கள்? அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் நான் அங்கே கிராம சேவகர். சிறு விவசாயிகளின் காயெல்லாம் சென்னைக்கு லாரி ஏறும். தரகர் சொன்னதுதான் விலை. குத்தகை நிலத்தில் கத்தரி வைத்திருந்த சூசை, வாரம் ஒருநாள் நாமே ஆரணியில் உட்கார்ந்து விற்கலாம் என்று வீடுவீடாகப் போய்ப் பேசினார். அவர் விதித்தது ஒன்றுதான்: பயிர் வைத்தவர்தான் விற்க வேண்டும், வாங்கி விற்கக் கூடாது. சந்தை கூடியது.

மறு வருடம் தரகர் லாரியை வயலுக்கே அனுப்பி, விலையும் கூட்டிக் கொடுத்தார். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சூசை மட்டும் ஒரு கூடையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"நானும் எய்ந்து போய்ட்டா, வாங்க வர்றவங்க சந்தையே இல்லன்னு நெனச்சுக்குவாங்க சார். நாளைக்கு நம்பாளுங்க திரும்பி வந்தா யாரு வாங்குவாங்க?"

அறுவடை குவிந்ததும் தரகர் விலையைக் குறைத்தார். பிறகு லாரியே வரவில்லை. போனவர்கள் தயங்கித் தயங்கித் திரும்பினார்கள். சூசை கூடையை நகர்த்தி இடம் விட்டார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது, அவருடைய குத்தகை நிலத்தைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். அந்த வாரமே சூசை கடை போடுவதை நிறுத்தினார். மற்றவர்கள் தங்கள் காயில் கொஞ்சம் தருவதாகக் கெஞ்சினார்கள்.

"பயிர் வச்சவங்கதான் விக்கணும்னு நான்தானே சொன்னேன். இப்ப எங்கிட்ட நெலம் ஏது?"

தான் பயிர் செய்த மண்ணில் எழும்பிய தொழிற்சாலைக்கே அவர் காவலாளி ஆனார். முதலில் சந்தைக்குப் பையோடு வந்து காய் வாங்கிப் போவார். முழங்கால் வீங்கியபின் அதுவும் நின்றது. நான் பார்க்கப் போனால், உட்காரச் சொல்லுமுன் கேட்பார்: "சந்தைக்குக் கூட்டம் வருதா சார்?"

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். இந்த வாரமும் போயிருந்தேன். நல்ல கூட்டம். போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.