முனீர் பாய் செய்யாத தவறு

முனீர் பாய் இறந்த செய்தி ஆம்பூரிலிருந்து ஒரு தபால் அட்டையில் வந்தது. எழுதியவர் தோல் மண்டி குமாஸ்தா. 'முதலாளி காரின் இஞ்சினை வெடிக்கவிட்டாரே, அந்த டிரைவர்தான்' என்று அடையாளம் சொல்லியிருந்தார். பாயை அறிந்த பலருக்கும் அவர் அப்படித்தான் நினைவில் இருப்பார். ஆகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கார் அவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் நிற்கும். வெள்ளிதோறும் தொழுதுவிட்டு வந்து, ரேடியேட்டரின் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்ப்பார். துரு தெரிந்தால் சலவைச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவுவார். மறுபடி நிரப்புவதற்குப் பாலாற்று ஊற்று நீர் மட்டும்தான். முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பின் கிணறு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் தோலில் தடவிய உப்பெல்லாம் அதில் இறங்கியிருந்தது. "அந்தத் தண்ணிய நாம குடிப்பமா? இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்பார்.

ஒருமுறை அவர் இரண்டு மாதம் காய்ச்சலில் படுத்தார். ஷாப் ஆட்கள் அந்தக் கிணற்று நீரையே ஊற்றி ஓட்டினார்கள். அவர் எழுந்து வந்த முதல் நாள், நான் ஒரு தீர்ப்பைக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுத வேலூர் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முதலாளி தன் காரைத் தந்தார். முனீர் பாய் இஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ரேடியேட்டர் முழுவதும் உள்ளங்கையால் தடவினார்.

"இங்க கொதிக்குது, இங்க சில்லுன்னு இருக்குது. உள்ள அடைச்சிக்கினு இருக்குது தோஸ்த். ஒரு நாள் குடு, கழுவிட்றேன்."

"தீர்ப்பு உனக்காக நிக்குமா பாய்?"

"இஞ்சின் மட்டும் உனக்காக ஓடுமா?" என்று சிரித்தார். ஆனாலும் கிளம்பினார்.

மாதனூரில் ஆவி சீறியது. நிழலில் நிறுத்தி, சீற்றம் அடங்கியபின் துணியைப் போட்டு மூடியைத் திறந்தார். "நல்லா ஆறட்டும். நான் தொழுதுட்டு வந்துட்றேன். அதுக்குள்ள தண்ணி கிண்ணி ஊத்திடாத."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாலையோரக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஊற்றினேன். உள்ளே ஏதோ தெறித்தது. அவர் திரும்பியபோது இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு வெடிப்புக் கோடு விழுந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

ஊர் திரும்பியபின், யார் ஊற்றியது என்று முதலாளி கேட்டபோது இருவரும் நின்றிருந்தோம். சற்று நேரம் கழித்து, "நான்தான் முதலாளி" என்றார் முனீர் பாய்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. ரெண்டு பேரும் வாய மூடிக்கினு நின்னா ஆவுமா?"

அதன்பின் யாரும் அவரை நம்பிக் கார் தரவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டப் போனார். வழியில் பார்த்தால் நின்று பேசுவார். இதைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஊற்றியவன் நான். அவர் கையில் எந்த இஞ்சினும் வெடித்ததில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, முதலாளி கேட்டபின் அவர் எனக்காகக் காத்திருந்த அந்தச் சிறிது நேரம்தான். ஒரு வார்த்தை சொல்ல அது போதுமானதாக இருந்தது.