அடுப்பு வரும் மூலை

கற்பிட்டி பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். நெய்யில் ரம்பை இலையும் ஏலமும் கறுவாவும் ஒன்றாக விழும்போது எழுகிற வாசம். அதற்குள் காய்ந்த தென்னம் மட்டை எரியும் புகை ஒரு நூலளவு. வெங்காயத் தோட்டங்களும் சுழலும் காற்றாலைகளும் பின்னால் போய்க்கொண்டிருக்க, எத்தாளைப் பக்கத்தில் எங்கிருந்தோ அது காற்றில் ஏறி வந்தது. முன் இருக்கையில் இருந்த பெண், மடியில் இருந்த பிள்ளையிடம், "கலியாண வீடு மகள், மணக்குதா?" என்றாள். பிள்ளைக்கு மணத்ததோ தெரியாது, எனக்கு ஒரு முழு மனிதர் மணத்தார். நானா மணத்தார். நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. கை தானாகப் போய் மணியை அடித்துவிட்டது.

நானா, எங்கள் பேச்சில் அண்ணன், என்று அவரை அழைத்தது நான் மட்டுமல்ல. புத்தளம் நகரில், ஒரு வன்பொருள் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் காணி விற்பனை அலுவலகத்தில், சிலாபத்திலிருந்து வந்த கத்தோலிக்கரான மனேஜர்கூட அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட ஓரிரு பெருநாள்தான் அவருக்கு மூப்பு. அகன்ற தோள், சிறிய குரல், எப்போதும் ஏதோ ஒரு பகிடியை வாய்க்குள் மென்றுகொண்டிருக்கும் முகம். தென்னந்தோப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எல்லைக்கல் போட்டு, வண்ணக் கொடிகள் கட்டி விற்பது எங்கள் தொழில். விளம்பரத் துண்டுகளுக்கு, எங்கள் கடலேரியான களப்பைப் பாடி நான் எழுதுவேன்; 'களப்பின் காற்று உங்கள் கதவைத் தட்டும்' என்ற மாதிரி. நானா அதை வாசித்துவிட்டு, "காத்துத் தட்டினா யாரு வாங்குறது கவிஞர்? ஆள் தட்டினாத்தான் வாங்குவான்" என்பார்.

அவர் விற்கும் விதமே வேறு. வாங்க வந்த குடும்பத்தை வெறும் மணலில் கூட்டிக்கொண்டு நடப்பார். ஆண்கள் வீதி எவ்வளவு அகலம், மின்சாரம் எப்போது வரும், உறுதிப் பத்திரம் சுத்தமா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரு மூலையில் போய் நின்று, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, காலால் மணலில் ஒரு வட்டம் கீறுவார். "கட்டிலை எங்க வேணுமெண்டாலும் போடுங்க. அடுப்பு இந்த மூலையில. சோளகக் காத்து வீசினா புகை களப்புப் பக்கம் போயிடும், வீட்டுக்க வராது." அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்களுக்கு அது காணியாகத் தெரியாது. சுவர் இல்லாத ஒரு குசினி அங்கே வந்துவிடும். தேங்காய் எங்கே துருவுவது, கோழி எந்தப் பக்கம் வரும் என்று அவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கும்போது நானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். விற்றாயிற்று.

அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டு வந்தபோது அவர் சிறுவன். இங்கே யாரோ ஒருவரின் தோப்பில் கிடுகுக் கொட்டில். அவருடைய உம்மா மூன்று கல் வைத்துச் சோறாக்குவா. காணிக்காரர் வந்து, "அந்தப் பக்கம் வைங்க, தென்னைக்குச் சூடு" என்பார். அந்தப் பக்கம் வைத்தால் அடுத்தவர் வந்து இந்தப் பக்கம் என்பார். "உம்மா அடுப்பைத் தூக்கிட்டு நடந்தமாதிரி ஒருத்தரும் பிள்ளையைக்கூடத் தூக்கிட்டு நடந்திருக்க மாட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எந்த விளம்பரத்திலும் எழுதவில்லை.

எத்தாளைத் தோப்பை நாங்கள் பிரித்து விற்கத் தொடங்கியபோது, களப்பை ஒட்டிய கோணல் துண்டு ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை. ஊழியர்களுக்கான சலுகையில் நானா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் பெயரில் உறுதி எழுத இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வேலை போனால் துண்டும் கம்பனிக்கே திரும்பிவிடும், அதுதான் நிபந்தனை. அதே கம்பனிக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: இங்கே வேலை செய்கிறவர் வெளியில் வேறு எந்த வருமானமும் தேடக்கூடாது. கண்டால் அன்றே வேலை போய்விடும்.

நானா கலியாணச் சமையல்காரர்.

எனக்கு அது தெரியவந்த கதை வெட்கமும் வேடிக்கையுமானது. ஊரில் கலியாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது என்னுடைய மறைவான தொழில். மணமக்களின் பெயர்கள் அடிகளின் முதல் எழுத்துகளில் வரவேண்டும், இரு பக்கத்து வாப்பாமாரின் பெயரும் விடுபடக்கூடாது. காணி விளம்பரத்தைவிடக் கடினமான இலக்கியம் அது. ஒரு கலியாண வீட்டில் வாழ்த்துப்பாவை ஒப்படைத்துவிட்டுச் சமையல் கொட்டிலின் பின்பக்கமாக நழுவப் போனேன். அங்கே, என் உயரத்துக்கு நீண்ட அகப்பையோடு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, சோறாக்கும் பெரிய கிடாரத்துக்கு முன்னால் நானா. அன்று அவர் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். நான் மாமி இறந்துவிட்டா, மையித்து அடக்கம் என்று சொல்லியிருந்தேன்.

"மாமி எப்படி இருக்கா?" என்றார்.

"காய்ச்சல் விட்டுட்டுதா?" என்றேன்.

அவர் ஒரு சிறிய கோப்பையில் நெய்ச்சோறும் ஒரு துண்டு இறைச்சியும் வைத்து என் கையில் தந்தார். "கவிஞர், நீங்க என்னைக் காணல்ல. நான் உங்களைக் காணல்ல. தின்னுங்க." எங்களுடைய ஒப்பந்தம் அவ்வளவுதான். எத்தனையோ காணி ஒப்பந்தங்களுக்கு நான் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் இந்தச் சுவை இல்லை.

அதன் பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. கலியாணம் முடிந்த மறுநாள் அவர் அளவுக்கு மீறி அத்தர் பூசி வருவது ஏன் என்று விளங்கியது. அலுவலகத்துப் பெண்கள் அவருக்கு இரண்டாம் தாரம் ஒன்று இருக்கிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டிருந்தார்கள். பாவம், அந்த அத்தருக்கு அடியில் இருந்தது சமையல் கராம்பின் வாசம்.

ஒரு நாள் மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு முறைப்பாடு போயிருந்தது. "எங்கட ஆக்கள்ல யாரோ வெளியில தொழில் செய்யிறாங்களாம். யார் எண்டு பார்த்து ரிப்போட் அனுப்பச் சொல்லியிருக்கிறாங்க. நான் பார்த்துத்தான் எழுதுவன், கேட்டு எழுத மாட்டன்" என்றார். நானாவின் பக்கம் பார்த்தாரா, ஜன்னலின் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை. பிறகு என்னையும் நானாவையும் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை எனக்குக் கொழும்பில மீட்டிங். நீங்க ரெண்டு பேரும் ஒபிஸைப் பாருங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எத்தாளையில் ஒரு மீனவர் வீட்டில் வலீமா. மூத்த மகனின் கலியாண விருந்து. நானா சமைப்பதாகச் சொல்லியாயிற்று, வாழ்த்துப்பா என்னுடையது. படியில் இறங்கும்போது சொன்னேன்: "விட்டுடுங்க நானா. ஒரு மாசம். உறுதி கைக்கு வரட்டும்."

"ஊரையே கூப்பிட்டுட்டாரு மனுசன். இப்பப் போய் எனக்கு ஏலாது எண்டா, அவரு கடலுக்குப் போய் என்னத்தைப் புடிப்பாரு, கரைக்கு வந்து எந்த முகத்தோட நிப்பாரு?" கடைசிப் படியில் நின்று திரும்பினார். "துண்டு போனா போகட்டும் எண்டு சொல்லல்ல கவிஞர். போனா நான் செத்துடுவன். ஆனா அடுப்பு கேட்டவனுக்கு இல்லை எண்டு சொல்லிட்டு, அந்தத் துண்டில நான் எந்த மூலையில அடுப்பு வைக்கிறது?"

ஆக ஞாயிறு காலை அலுவலகக் கதவைப் பூட்டி, என் அழகான கையெழுத்தில் ஒரு காகித மட்டையைத் தொங்கவிட்டோம்: 'காணி காட்டப் போயிருக்கிறோம்.' நானா அதை வாசித்துவிட்டு, "இதாவது ஒருக்கா உண்மையாகட்டும் யா அல்லாஹ்" என்றார்.

வலீமா வீட்டில் அவர் அடுப்புகளை வடகிழக்கு மூலையில் அமைத்திருந்தார். புகை ஒழுங்காகக் களப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. வாழ்த்துப்பாவோடு நான் முற்றத்துக்கு வந்தேன். ஒரு லொறி பின்பக்கமாக வந்து நின்றது. பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றின் முதுகில் நீலப் பெயின்டால் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை எனக்குத் தெரியும். எங்கள் காணி விற்பனைப் பந்தல்களில் எத்தனையோ ஞாயிறுகள் அதில் சாய்ந்திருக்கிறேன். கம்பனி வாடகைக்கு எடுக்கும் கதிரைகள் யாருடையவை என்று மட்டும் நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. லொறியின் மேலே, சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கையில் நான்கு கதிரைகளாக இறக்கிக்கொண்டிருந்த மனிதர் திரும்பினார். மனேஜர்.

அதே நேரம் நானா, "கவிஞர், அந்த மற்றக் கிடாரத்து மூடி எங்க?" என்று கேட்டுக்கொண்டே அகப்பையோடு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒபிஸ்ல தானே?" என்றார் மனேஜர்.

"ஓம் சேர்" என்றார் நானா. "நீங்க கொழும்புல தானே?"

மனேஜர் கதிரைகளைப் பார்த்தார். அகப்பையைப் பார்த்தார். என் கையில் இருந்த சட்டம் போட்ட வாழ்த்துப்பாவைப் பார்த்தார். "ஐயோ கடவுளே, நீயுமா" என்று என்னிடம்தான் சொன்னார். பிறகு லொறியின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடித்த பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் சிரிப்பது எப்படி? நானாவின் அகப்பை நுனியிலிருந்து நெய் சொட்டிக்கொண்டிருந்தது. மனேஜர் எழுந்து மீதிக் கதிரைகளை இறக்கப் போய்விட்டார். அதுதான் பயமாக இருந்தது.

விருந்தினர் எல்லோரும் உண்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தி. எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் சஹன். பெரிய தட்டில் சோறு குவித்து, நடுவில் இறைச்சியும் பொரித்த கோழியும் வைத்து, சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பது. மாப்பிள்ளையின் வாப்பாவான அந்த மீனவர் பிடிவாதமாக நின்றார். சமைத்தவர், எழுதியவர், கதிரை தந்தவர் மூவரும் தன்னோடும் தன் இரண்டு தம்பிமாரோடும் ஒரே சஹனில் உட்கார வேண்டும் என்றார். மனேஜர் காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்து, தனக்கென்று தனிப் பீங்கான் தட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சஹனில் ஒருவர் இறைச்சியைப் பிய்த்து மற்றவர்களின் பக்கம் தள்ளிக் கொடுப்பது வழக்கம். நானா கோழியைப் பிய்த்தார். முதல் துண்டை, நல்ல தொடைத் துண்டை, மனேஜரின் பக்கம் தள்ளினார். மனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை வைத்தார்.

பாதிச் சோறு குறைந்தபோது மீனவர் பெருமூச்சு விட்டார். "மகன்ட கலியாணம் அல்ஹம்துலில்லாஹ் முடிஞ்சுது. இனி மகளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுக்கணும். அதுக்கொரு காணி..."

மூன்று கைகள் சோற்றில் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த கணம் மூன்று வாய்களும் திறந்தன. உறுதி சுத்தம், சட்டத்தரணி பார்த்தது என்றார் மனேஜர். களப்பின் காற்று கதவைத் தட்டும் என்றேன் நான். நானா மட்டும் மீனவரின் மனைவி நின்ற பக்கம் திரும்பி, நெய்க் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். எங்கள் பேச்சில் அக்கா என்றால் தாத்தா. "தாத்தா, அடுப்பு எந்த மூலையில வரும் எண்டு சாப்பிட்டுட்டு வந்து காட்டுறன்."

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் எங்கள் தோப்புக்கு நடந்தோம். மீனவருக்கு ஒரு துண்டு. அவருடைய பெரிய தம்பிக்கும் ஒன்று. கதவில் தொங்கிய மட்டை உண்மையாயிற்று.

திரும்பும் வழியில் நானா தன் கோணல் துண்டின் எல்லைக்கல்லருகே நின்றார். "சேர், ரிப்போட்?" என்றார்.

மனேஜர் விரல்களை முகர்ந்து பார்த்தார். "எப்படி எழுதுறது நானா? கையெல்லாம் நெய். பேப்பர் வழுக்குதே."

முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அவர் எழுதியனுப்பினார். உறுதி வந்த அன்று நானா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வீடு இல்லை, கூரை இல்லை, வேலிகூட இல்லை. வடகிழக்கு மூலையில் மூன்று கல். அவருடைய உம்மாவைக் கதிரையில் இருத்தி, அந்த அடுப்பில் தேநீர் வைத்தார். உம்மா இரண்டு பக்கமும் பார்த்தா, யாராவது வந்து தள்ளி வைக்கச் சொல்வார்களோ என்பதுபோல. ஒருவரும் வரவில்லை. "சீனி கூடிப்போச்சு" என்றா.

நான் பிறகு காப்புறுதிக் கம்பனிக்கு மாறி, சிலாபத்துக்குப் போய், வருடங்கள் கரைந்தன. போன வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, வாசத்தின் பின்னால் ஒழுங்கைக்குள் நடந்தேன். அதே கோணல் துண்டு. இப்போது வீடு, மதில், அந்த மூலையில் வரிசையாய்க் கிடாரங்கள். நரைத்த தாடியோடு நானா. சமையலே இப்போது அவருடைய முழுத் தொழில். காணித் தரகுதான் பக்கத் தொழில் என்றார். கதிரைகள் யாருடையவை என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நீல நட்சத்திரங்கள் மரத்தடியில் அடுக்கியிருந்தன. ஓய்வு பெற்ற மனேஜர் கிழமைக்கு ஒருக்கா வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவாராம்.

ஒரு சிறிய கோப்பையில் நெய்ச்சோறு வந்தது. என் பைக்குள் காப்புறுதிப் படிவங்களுக்கு அடியில் யாருக்கோ எழுதிய வாழ்த்துப்பா ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் அதைக் கண்டுவிட்டார். அடுப்பின் பக்கம் திரும்பிச் சிரித்தார். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபடியே இருந்தது. நான் எடுக்கவில்லை. பஸ் வரும் வரை வீதியோரத்தில் கூடவே நின்றார், தோளில் துவாய், கையில் அகப்பை. படியில் கால் வைத்தேன்.

"போய்ட்டு வாங்க கவிஞர்" என்றார். "உங்கட ஒபிஸால கேட்டா, நான் உங்களைக் காணல்ல."