மூன்று சந்தனத் தலைகள்

போன வருடம் காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. திருத்தணி மலைக்கோயிலில், வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் நடந்தது. 

ஆர்.கே.பேட்டைப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அந்த ஜூனில்தான் தலைமையாசிரியையாக வந்திருந்தேன். வந்த வேகத்தில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு நாள் வெளியே போய்ப் படிக்கிற பாடம். மேப் என்றால் அச்சடித்த தாளில் பென்சிலைத் தேய்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். ஏரியையும் வயலையும் ரயில் பாதையையும் மேலே இருந்து பார்த்து, தாங்களே வரையட்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாவது, டி.சி. விவகாரம். எங்கள் பக்கத்தில் பல பள்ளிகளில் இது ஓர் எழுதாத சட்டம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தடுமாறுகிற பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள், டுடோரியலில் சேர்ந்து பத்தாவது எழுதட்டும் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வந்துவிடும். அந்தப் பிள்ளை டுடோரியல் வாசலைக்கூட மிதிக்காது. பையன் என்றால் விசைத்தறிக்குப் போவான், பெண் என்றால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். என் பள்ளியில் இந்த வேலை கிடையாது என்று ஆசிரியர் கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னேன். கணக்கு ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தை ஆரம்பிக்காமல் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் தேர்ச்சி எங்கிருந்து வரும் என்பது அவர் கவலை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலைக்குப் போகிற தேதியையும் நானே குறித்தேன். எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாக ஞாயிறு ஆராதனைக்குப் போகிற வீடு. தினசரி காலண்டரில் கிருத்திகை என்றைக்கு என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் குறித்தது கிருத்திகை நாள் என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புது எச்.எம். குறித்த தேதியை மாற்றச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. படியில் பாதி ஏறும்போதுதான் காவடிகளைப் பார்த்து, பம்பைச் சத்தத்தைக் கேட்டு எனக்கே விளங்கியது. திரும்பியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

மேலே போய் ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகள் படம் வரைந்தார்கள். அரை மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. கிளம்பும்போது எண்ணிப் பார்த்தோம், ஒரு பெண் குறைந்தாள். அவளுக்கு ஜோடியாக விட்டிருந்த தோழியைக் கேட்டால், பாத்ரூம் போயிருக்கிறாள் மிஸ் என்றாள். போய்ப் பார்த்தோம். இல்லை. தண்ணீர்க் குழாய், பிரசாதக் கடை, பஸ் நிற்கிற இடம், எங்கும் இல்லை.

பயம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது என்றே சொல்வேன். பேப்பரில் படித்த அத்தனை செய்தியும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. கீழே இறங்கினால் சரவணப் பொய்கை, தண்ணீர். அந்தப் பக்கம் போனால் ரயில் நிலையம். பஸ் ஏறினால் திருப்பதி. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்கூட இந்தப் பம்பைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? துணைக்கு வந்திருந்த கணக்கு ஆசிரியர் குழாயடிவரை மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது.

கோயில் மைக்கில் சொல்லச் சொன்னோம். அடையாளம் என்ன என்று கேட்டார்கள். ரெட்டைப் பின்னல், பச்சை ரிப்பன், பள்ளிச் சீருடை என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. அவள் அம்மாவுக்கு போன் போட்டேன். பதற வேண்டாம் என்று நான் சொன்ன குரலே பதறியது. இதோ கிளம்பி வருகிறேன் என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் தோழி என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"மிஸ், அவ மொட்டை போட்டுக்கப் போனா மிஸ். டி.சி. குடுக்கக் கூடாதுன்னு வேண்டிகினு இருந்தா. முன்னாடியே முடி குடுத்துட்டா சாமி கேக்கும்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

கணக்கு ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கில் தப்பு செய்கிறவர்களிடம், உனக்கு டி.சி.தான் என்று வகுப்பில் அவர் சொல்வது பழைய பழக்கம். பயந்தால் படிப்பார்கள் என்ற நல்லெண்ணம்தான். அவரை நான் என்ன சொல்ல? டி.சி. கிடையாது என்ற முடிவை நானும் ஆசிரியர்களிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், என் கணவரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவே இல்லை.

மற்றவர்களை அவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். முடிக்காணிக்கை செலுத்துகிற இடத்தில் கேட்டால், இன்றைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், யாரை என்று ஞாபகம் வைப்பது என்றார்கள். உண்மைதான். அதுவரை ரெட்டைப் பின்னலைத் தேடினேன். இப்போது மொட்டையைத் தேட வேண்டும். கிருத்திகை அன்று திருத்தணி மலையில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்? திரும்பின பக்கமெல்லாம் சந்தனம் பூசிய தலை, மஞ்சள் துணி. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

மண்டபத்து ஓரம் ஒரு கம்பியில் எங்கள் பள்ளிச் சீருடை ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண், அவரும் மொட்டை, வாழையிலையில் புளிச்சோறு வைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே மூன்று சிறுமிகள். ஒரே வயது. மூன்று பேருக்கும் சந்தனத் தலை, மஞ்சள் சுடிதார். மூவரும் குனிந்திருந்தார்கள்.

நான் அந்தப் பள்ளியின் எச்.எம்., என் மாணவியைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் நகரிப் பக்கத்துக்காரர். தெலுங்கு கலந்த தமிழ். என்னை ஏற இறங்கப் பார்த்தார். குளித்து நனைந்த துணியோடு ஒரு பெண் தனியாக நடுங்கிக்கொண்டு நின்றதாகவும், தன் மகளின் மாற்றுத் துணியைக் கொடுத்து உட்கார வைத்ததாகவும், பெயர் கேட்டால் அழுகிறது, போலீஸ் என்றால் நடுங்குகிறது, அதனால் சோறு போட்டுப் பிறகு விசாரிக்கலாம் என்று இருந்ததாகவும் சொன்னார். நான் கையை நீட்டினேன். அவர் குறுக்கே கையை வைத்தார்.

"துணியைப் பாத்து யாரு வேணா கேக்கலாம்மா. இதுல ரெண்டு என் பொண்ணுங்க. உங்க பொண்ணு யாருன்னு காட்டுங்க, கூட்டிகினு போங்க."

மூன்று முகத்தையும் பார்த்தேன். தினமும் காலை வணக்கத்தில் எனக்கு எதிரே, இரண்டாவது வரிசையில் நிற்கிற பெண். கணக்கில் வாங்கிய மதிப்பெண் எனக்கு மனப்பாடம். பின்னலும் ரிப்பனும் கண்ணில் நிற்கிறது. முகம் வரவில்லை. தப்பாகக் கையைக் காட்டினால் இந்த அம்மா என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று சத்தம் போடுவார். நியாயம்தான், நானாக இருந்தாலும் போடுவேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரு தலையும் நிமிரவில்லை. என் மாணவி என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் நிமிரப் பயப்படுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மலையில் அத்தனை கூட்டம் இருக்க, அவள் பயந்தது என்னைப் பார்த்து.

தரையில் உட்கார்ந்தேன். மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னேன்.

"நம்ம ஸ்கூல்ல யாருக்கும் டி.சி. குடுக்க மாட்டேன். அது அப்பவே முடிவு பண்ணது. உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

நடுவில் இருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

"மெய்யாவா மிஸ்?"

அவ்வளவுதான். நான்தான் முதலில் அழுதேன். குறுக்கே வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, அந்த அம்மா எனக்கும் ஓர் இலை போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

கீழே, திருத்தணி பஸ் நிலையத்தில் மாணவியின் அம்மா காத்திருந்தார். அடி விழும் என்று நடுவில் போய் நின்றேன். அவர் என்னை விலக்கிவிட்டு, மகள் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் காலை வணக்கத்தில் அந்த முடிவைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து எதை முடிவு செய்தாலும் அவர்களிடம்தான் முதலில் சொல்கிறேன். வெளிப்பாடமும் நடக்கிறது, இப்போது காலண்டரைப் பார்த்து. அவளுக்கு முடி வளர்ந்து, மறுபடியும் குட்டியாக ரெட்டைப் பின்னல் போடுகிறாள். ஆனால் ஒவ்வொரு காலையும் வரிசைகளுக்கு எதிரே நிற்கும்போது, இதில் உங்கள் பிள்ளை யார் என்று யாரோ குறுக்கே கை வைத்துக் கேட்கப்போகிறார்கள் என்ற பயத்தில், ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடிக்காமல் என்னால் வகுப்புக்கு அனுப்ப முடிவதில்லை.