என்னை ‘எலி இன்ஸ்பெக்டர்’ என்றார்கள்

எலி பிடிக்கிறதும் ஒரு உத்தியோகம்தான். அதற்குச் சம்பளமும் உண்டு, பென்சனும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தின கொழும்பை விட்டுப் பிளேக் நோய் முற்றாகப் போயிருக்கவில்லை. கப்பலில் வந்த அரிசி மூட்டையோடு எலி வரும், எலியோடு தெள்ளுப்பூச்சி வரும், தெள்ளோடு காய்ச்சல் வரும். செத்த எலிகளைத் தேடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும், நோய் கண்ட இடத்துக்குக் கந்தகப் புகை போடுவிப்பதும் என் வேலை. முனிசிப்பல் கந்தோரில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதைச் சுருக்கிவிட்டது. பிரேதம் தூக்கினவர்களே, சாக்கடைக் கான் துப்புரவாக்கினவர்களே, ஆஸ்பத்திரியில் புண் கழுவினவர்களே, வேலையால் வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பழகின எல்லாருமே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சம்மரியில் தீர்ப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டை எடுத்து, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஐந்து பேர் ஒன்றாய்ச் சமைப்பித்துச் சாப்பிட்டு இருந்தார்கள். அப்படியான வீட்டைச் சம்மரி என்போம். நான் ஆறாவது ஆளாய்ச் சேர்ந்தேன். என்ன வேலை என்று கேட்டதற்குச் ‘சுகாதாரப் பகுதி’ என்றேன், பொய்யில்லை. கொஞ்ச நாளில் விஷயம் வெளித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருந்தார்கள். மூத்தவரான சின்னத்துரையர் தீர்ப்புச் சொன்னார்: “வேலையை விடும், இல்லாட்டி அறையை விடும்.” இரண்டையும் விடமாட்டேன் என்றேன். “நான் கிணத்தடியில குளிச்சிட்டுத்தான் உள்ளுக்கு வாறன். நீங்கள் கந்தோரால வந்து காலும் கழுவிறேல்லை” என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குக் கடைசிப் பந்தி, தனித் தட்டு.

இன்னொரு ஞாயிறு மத்தியானம் நான் தனியே சாப்பிட்டுக்கொண்டிருக்க, குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்தது. சமையல்காரர் அகப்பையைப் போட்டுவிட்டு றோட்டுக்கு ஓடினார். ஐந்து கிளாக்கர்மாரும் சாப்பிட இருக்கிற வாங்கில் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆறுதலாக மோர் விட்டுச் சாப்பிட்டு முடித்துத்தான் எழும்பினேன். குறட்டால் எலியைத் தூக்கித் தகரத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி மூடினேன். அதில் நோயில்லை என்று முடிவு வரும்வரைக்கும் ஐந்து பேருக்கும் நித்திரையில்லை. முடிவு வந்த அன்று சின்னத்துரையர் தன் தட்டைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். “தம்பி, இனி நாங்கள் எல்லாரும் ஒரே பந்திதான். ஆனா இதை ஊருக்கு மட்டும் எழுதிப்போடாதேயும்” என்றார்.

இரண்டாம் வகுப்பு

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போய்வந்தேன். என்னிடம் இரண்டாம் வகுப்புச் சீசன் டிக்கட் இருந்தது. ஒரு பின்னேரம் எனக்கு எதிரே இருந்த, கோட்டில் வழக்குப் பேசுகிற புரக்டர் ஒருவருக்கு என் சட்டையிலிருந்த பினைல் மணம் பிடிக்கவில்லை. “உம்மைப் போல ஆக்களுக்கு மூண்டாம் வகுப்பு இருக்கு” என்றார். “அங்க இருக்கிறவைக்கும் மூக்கு இருக்கு” என்றேன். எழும்பமாட்டீரோ என்றார். எழும்பமாட்டேன் என்றேன். அடுத்த ஸ்டேஷனில் அவர் ரயில் கார்டைக் கூப்பிட்டார். கார்ட் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர்; தமிழ் நன்றாகக் கதைப்பார். என் டிக்கட்டைப் பார்த்தார். புரக்டருடையதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டையும் திருப்பித் தந்துவிட்டு அவருக்குச் சொன்னார்: “ரெண்டும் ஒரே விலை, மாத்தயா. வாசத்துக்கு நாங்க வேற காசு வாங்குறது இல்ல.”

பிலோமினாவின் கத்தி

கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டில் நோய் எலி கண்டது. பக்கத்து வீடுகளுக்கும் ஓடு கழற்றிப் புகை போட வேண்டும். மூன்றாவது வீட்டு வாசலில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி பிலோமினா, மீன் வெட்டுகிற கத்தியோடு நின்றார். “போன தடவ வந்தவனுங்க என் மாதா படத்தை உடைச்சாங்க. அரிசிப் பானையத் தெருவுல கவுத்தாங்க. இந்தத் தடவ ஒருத்தன் உள்ள வரட்டும், பார்ப்போம்” என்றார். என்னோடு வேலை செய்த மீரான் நானா கிராண்ட்பாஸ்காரர், நிதானமானவர். அவரே பொலிசைக் கூப்பிடுவோமா என்று மெல்லக் கேட்டார். எனக்கு அந்த மனிசியில் பிழை தெரியவில்லை.

சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். “படத்தை நானே தூக்கிறன். நீங்கள் சொல்லிற இடத்தில வைக்கிறன். ஏதும் உடைஞ்சால் அந்தக் கத்தி உங்கட கையிலதானே இருக்கு” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து வழி விட்டார். மாதா படம், பானை, உரல், புருஷனின் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சுமந்து எதிர் வீட்டு வாசலில் அடுக்கினேன். காற்சட்டை போட்ட இன்ஸ்பெக்டர் உரல் தூக்குவதைப் பார்க்க வரிசை முழுக்கக் கூடிச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். கடைசிச் சாமானையும் வைத்த பிறகு பிலோமினா கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செத்த எலியப் பத்திரமா டப்பாவுல வச்சுக் கொண்டுபோறீங்க. அதுல பாதி மரியாத எங்களுக்குக் காட்டுனா, நாங்க ஏன் கதவை மறிக்கப் போறோம்?”

கிட்டங்கி வாசல்

இதுதான் என் வேலைக்கே வந்த சோதனை. கொட்டாஞ்சேனைக்குக் கீழே ஒரு பெரிய அரிசிக் கிட்டங்கி இருந்தது. அங்கே மூட்டை தூக்கின முனியாண்டி ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்தில் வந்து குந்தினான். “ஐயா, எலி தானா விழுந்து சாவுதுங்க. கூட்டி அள்ளிக் கால்வாயில போடச் சொல்றாங்க. எங்கள்ல ஒருத்தன் காய்ச்சல்ல கெடக்கான். நான் சொன்னதா வெளிய வரக்கூடாது” என்றான். நானும் மீரான் நானாவும் நேரே போனோம்.

முதலாளி எங்கட யாழ்ப்பாணத்து ஆள், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவர். என்னை இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்தார். “தம்பி ஆற்ற மகன்?” என்று தொடங்கினார். தாய் வழியில் தோண்டிக்கொண்டு போய், நான் அவருக்கு மருமகன் முறை என்று கண்டுபிடித்துவிட்டார். “அப்ப நீர் எங்கட பெடியன். இங்க எலி கிலி ஒண்டுமில்லை” என்றார். மூட்டைகளை விலக்கச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. நானே ஏறி விலக்கினேன். அடிப் பலகைக்குக் கீழே எலிகள் செத்துக் கிடந்தன, சில காய்ந்துபோயும் சில புதிதாயும். எடுத்துத் தகரத்தில் போட்டு மூடினேன்.

“தகரத்தை வைச்சிட்டுத் தேத்தண்ணியைக் குடியும்” என்றார் முதலாளி. குரல் மாறிவிட்டது. இரண்டு பேர் கதவைச் சாத்த வந்தார்கள். மீரான் நானாவை வெளியே அனுப்பி எங்கள் பகுதி டொக்டரைக் கூட்டிவரச் சொன்னேன். பிறகு தகரத்தைக் கதவு நிலைக்கு நடுவில் வைத்து அதன்மேல் இருந்தேன். சாத்துவதென்றால் என்மேல்தான் சாத்த வேண்டும். காய்ச்சல்காரன் உள்ளே சாக்குக்கு மேல் முனகுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு எழும்பிப் போக முடியாது. “நாளைக்கே உம்மட வேலையைப் பறிப்பிக்கிறன்” என்றார். “பறிப்பியுங்கோ. இண்டைக்கு நான் வேலையிலதான் இருக்கிறன்” என்றேன்.

வெயில் சாய முன்னம் வெள்ளைக்கார டொக்டர் காரில் வந்து இறங்கினார். சோதனையில் பிளேக் என்று வந்தது. கிட்டங்கியைப் பூட்டினார்கள். எல்லாருக்கும் ஊசி போட்டு நோய்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சலில் கிடந்தவன் பிழைக்கவில்லை. இரண்டு நாள் முந்தித் தெரிந்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு வயிறெரியும். முனியாண்டியும் மற்றவர்களும் தப்பினார்கள். முதலாளி என்மேல் பெட்டிசம் போட்டார். விசாரணையில் நடந்ததைச் சொன்னேன், சொந்தம் உட்பட. வேலை போகவில்லை. கிட்டங்கி திரும்பத் திறக்கிற அன்று பார்வையிடப் போனபோது, “ஒரு செத்த எலிக்காகச் சொந்தத்தைப் பகைச்சுப்போட்டீர்” என்றார் முதலாளி. நான் வாய் திறக்க முந்தி மீரான் நானா பதில் சொல்லிவிட்டார்: “எலி செத்ததுக்கு நாங்க வரல்ல, முதலாளி. மனிசன் சாகாம இரிக்கத்தான் வந்த.”

பாமன்கடையில் பெண் பார்த்தது

கலியாணத் தரகர் பாமன்கடையில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். ‘முனிசிப்பல் உத்தியோகம்’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். பெண்ணின் தகப்பனார் பென்சன் எடுத்த தலைமைக் கிளாக்கர். “தம்பிக்கு அங்க என்ன பகுதி?” என்றார். தரகர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். “எலி பிடிக்கிறன்” என்றேன். பலகாரத் தட்டைக் கொண்டுவந்த தாயார் நடுவழியில் நின்றுவிட்டார். தகப்பனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு கிளாக்கர் வேலை எடுத்துத் தரலாம், மாறினால் மேற்கொண்டு கதைக்கலாம் என்றார்.

“மாறமாட்டன். வெட்கப்படுகிற வேலை எண்டு நான் நினைக்கேல்லை” என்று சொல்லி எழும்பினேன். தரகர் தலையில் கையை வைத்தார். நான் செருப்பைப் போடும்போது அறை வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து தகப்பனாருக்கு ஒரு குரல் வந்தது. பிற்காலத்தில் என் மனைவியான மகேஸ்வரியின் வாயால் நான் கேட்ட முதல் வசனம் அது: “ஐயா, எங்கட குசினியிலயும் எலி இருக்கு. அவரை ஒருக்காப் பாத்திட்டுப் போகச் சொல்லுங்கோ.”

கொழும்பில் நான் பிடித்த எலிகளில் ஒன்றாவது, ‘நான் ஆர் எண்டு தெரியுமோ?’ என்று என்னைக் கேட்டதில்லை.